டால்கேட் வீட்டின் பின்பாதி

1

போன வருடம் இதே வாரத்தில் எங்கள் வீட்டின் முன்பாதியை இடித்தார்கள். நான் அதை அயர்லாந்தில், கார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றின் துணி அறையில், துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு கைபேசியில் பார்த்தேன். ஊரில் பிற்பகல் இரண்டு மணி. இங்கே காலை ஒன்பதரை. எனக்குப் பதினைந்து நிமிட இடைவேளை.

தம்பி செந்தில்தான் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தான். படம் ஆடியது. ஜேசிபியின் கை ஒரு முறை தட்டியது. சுவர் அசையவில்லை. இரண்டாவது முறையும் அசையவில்லை. "சுண்ணாம்புக் கட்டடம்க்கா, சீக்கிரம் விழாது" என்றான் செந்தில். அவன் குரலில் ஏதோ பெருமை இருந்தது. மூன்றாவது தட்டில் முன்னறையின் கிழக்கு ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து விழுந்தது.

"அப்பா எங்கடா?"

படத்தைத் திருப்பினான். சாலைக்கு எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் போல.

"அப்பா, அக்கா லைன்ல இருக்கு."

அவர் கைபேசியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு என்னோடு வேலை பார்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "மோலி, நான்காவது படுக்கைக்காரர் கூப்பிடுகிறார்." என் பெயர் தேன்மொழி. அவர்களுக்கு அது வாயில் நுழையாமல் முதலில் 'மொழி' ஆகி, பிறகு 'மோலி' ஆகிவிட்டது. இங்கே மோலி என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர். பதினான்கு வருடத்தில் நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நான்காவது படுக்கைக்குப் போனேன். அவருக்குத் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன்.

2

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கீழ்வேளூருக்கு மேற்கே, பெரிய சாலை ஆற்றைத் தாண்டும் பாலத்துக்கு அடுத்தாற்போல எங்கள் வீடு. வெள்ளைக்காரர் காலத்தில் அது சுங்கச்சாவடி. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளையும் திருவாரூர் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளையும் அங்கே நிறுத்தி வரி வாங்கியிருக்கிறார்கள். அதற்காகவே முன்னறையைச் சாலைப் பக்கம் மூக்கு நீட்டினாற்போலக் கட்டி, மூன்று பக்கமும் ஜன்னல் வைத்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தபடியே இரண்டு திசையும் தெரியும். தேக்கு உத்திரம், ஒன்றரை அடிச் சுவர். வாசலின் இரு புறமும் தடுப்புக் கட்டையைத் தாங்கிய கல் தூண்கள். நாங்கள் அதில் ஒன்றில் பசுவைக் கட்டினோம்.

சுங்கம் எடுபட்டுப் பல காலம் கட்டடம் பூட்டிக் கிடந்தது. பிறகு ரோடு போடுகிறவர்கள் தார் டின் அடுக்கினார்கள். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டு ஏலம் விட்டார்கள். பாம்பு குடியிருக்கிறது, முனி நடமாடுகிறது என்று ஆளாளுக்குச் சொன்னதால் கேட்பார் இல்லை. என் அப்பா கோவிந்தசாமி கேட்டார்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்று மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்கி வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விடும் வேலை. எங்கள் தெருவில் முதல் அரசாங்கச் சம்பளம் அவருடையதுதான். அவருடைய அப்பா பண்ணையாள். மிராசுதார் விட்டுக்கொடுத்த மனைக்கட்டில் குடிசை போட்டுக்கொண்டு, அவர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர். அந்த மனிதரின் மகன் பெரிய சாலை மேல், அரசாங்கம் கட்டிய வீட்டை, அரசாங்கத்திடமிருந்தே வாங்கினார் என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. வாங்கியதை அம்மா சரோஜா பெயரில் வாங்கினார். அரசாங்க வேலையில் இருப்பவர் பெயரில் வேண்டாம் என்று யாரோ சொன்னார்களாம்.

நானும் செந்திலும் அங்கேதான் பிறந்தோம். லாரி போனால் சுவரில் மாட்டிய படம் ஆடும். பரீட்சைக்குப் படிக்கும்போது எத்தனை ஹாரன் அடித்தாலும் எனக்குக் கேட்காது. இன்றைக்கும் வார்டில் பத்து இயந்திரம் ஒரே நேரத்தில் கத்தினாலும் நான் பதறுவதில்லை என்று இங்கே ஆச்சரியப்படுகிறார்கள். பேருந்து நிறுத்தத்துக்கே எங்கள் வீடுதான் பெயர். நடத்துநர்கள் 'டால்கேட் எறங்கு' என்பார்கள். டோல்கேட் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது டால்கேட்தான். இந்த உச்சரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. பட்டா மாறவில்லை. ஏலத்தில் எடுத்த உத்தரவு, முத்திரையோடு, அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது. வீட்டு வரி அம்மா பெயரில் போனது. மின்சார இணைப்பும் அம்மா பெயரில்தான். ஆனால் நிலப் பதிவேட்டில் அந்த இடம் 'சுங்கச்சாவடி, அரசு புறம்போக்கு' என்றே கிடந்தது. அப்பா மனு கொடுப்பார். 'அடுத்த ஜமாபந்தியில் பாத்துக்கலாம்' என்பார்கள். தாலுகாவில் வருடத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கும் அந்த ஜமாபந்தி வரும், போகும். அப்பாவும் கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டார். கையில் உத்தரவு இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார்.

3

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று முதலில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. சுவரில், முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே, மேலிருந்து கீழே. கோடு போட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்களாம். அதற்குப் பத்து நாள் கழித்து நோட்டீஸ்.

அம்மா இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. செந்தில் திருவாரூரில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளன். குடும்பமும் அங்கேதான். அப்பா தனியாக இருந்தார். நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பத் தெரியாமல், கைபேசியில் என்னைக் கூப்பிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏம்மா, ஆக்கிரமிப்பாளர்னு போட்டிருக்காங்கம்மா."

"என்னப்பா?"

"ஆக்கிரமிப்பாளர் கோவிந்தசாமி, தகப்பனார் பெயர் வேலுன்னு இருக்கு. எங்க அப்பா பேரையும் போட்டிருக்காங்க."

"அது ஃபார்ம்ல எல்லாருக்கும் அப்படித்தான்ப்பா அடிச்சிருப்பாங்க."

"எல்லாருக்கும்னா? டீக்கடை கணேசனுக்கு வந்ததுல நில உரிமையாளர்னு இருக்கு. நான் வாங்கிப் பாத்தேன்."

வீடு பாதி போகப்போகிறது என்பதை அவர் ஒரு தடவைதான் சொன்னார். அந்த வார்த்தையை நாலைந்து தடவை சொன்னார்.

என் மகள் கயலுக்கு அப்போது பதினான்கு வயது. சோபாவின் மறு ஓரத்தில் காதில் கருவி மாட்டியிருந்தவள் அதைக் கழற்றி, "தாத்தா என்ன சொல்றார்? ஆக்கிர... என்ன?" என்றாள். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும். எழுத்து தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் அழைத்துப் போனோம். பிறகு அதே நேரத்துக்கு நீச்சல் வந்தது, நீச்சல் ஜெயித்தது.

"அடுத்தவங்க இடத்துல போய் உட்கார்ந்துக்கறவங்களை அப்படிச் சொல்வாங்க" என்றேன்.

"தாத்தா அப்படிச் செஞ்சாரா?"

அவள் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்கு அந்த வீட்டைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. நான் சொன்னதில்லை. ஊரைப் பற்றி அவளிடம் நான் சொன்னதெல்லாம் கோயில், தேர், மாமா வீட்டுக் கன்றுக்குட்டி என்று படப்புத்தகம் போல இருந்திருக்கிறது. அவள் கேள்வியில்தான் அது எனக்கு உறைத்தது.

4

வீடு அம்மா பெயரில் என்பதால், வாரிசுகள் மூன்று பேரும் சேர்ந்துதான் ஆட்சேபணை கொடுக்க வேண்டும் என்றார் நாகப்பட்டினத்தில் செந்தில் பார்த்த வக்கீல். நான் வர முடியாதென்றால் அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். இங்கே ஒரு வழக்கறிஞரிடம் தயாரித்து, நம் தூதரகத்தில் சான்று வாங்கி, மூலப் பிரதியை அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள்.

விடுப்புக் கேட்டேன். வார்டில் ஏற்கெனவே இரண்டு பேர் குறைவு. "செப்டம்பரில் பார்க்கலாமே" என்றார் என் மேற்பார்வையாளர். நல்ல மனுஷி. அவரும் என்ன செய்வார்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு வயதான அம்மாள் தட்டச்சு செய்தார். சொத்தின் விவரத்தை நான் வாயால் சொல்லச் சொல்ல அடித்தார். கிழக்கே வாய்க்கால், மேற்கே பாதை, தெற்கே ஆறு, வடக்கே சாலை. வீட்டின் பெயர் என்ன என்றார். இங்கே வீடுகளுக்குப் பெயர் இருக்கும். பழைய சுங்க வீடு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதாவது, சொன்னதாக நினைத்தேன். பிறந்ததிலிருந்து வாயில் இருந்தது வந்துவிட்டது. டால் ஹவுஸ்.

'டால்' என்றால் ஆங்கிலத்தில் உயரமானது.

அந்த அம்மாள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பழைய உயரமான வீடு என்று மூன்று இடத்தில் அடித்துவிட்டார். நான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் ரவி பாஸ்போர்ட் எண்ணை மூன்று முறை சரிபார்த்தார். பெயரின் எழுத்தைச் சரிபார்த்தோம், அப்பா பெயரை, அம்மா பெயரைச் சரிபார்த்தோம். வீட்டை யாரும் பார்க்கவில்லை. வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டு, டப்ளினுக்கு ரயிலேறி, தூதரகத்தில் வரிசையில் நின்று முத்திரை வாங்கி, அன்றைக்கே கூரியரில் போட்டேன். திரும்பும் ரயிலில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

எட்டாம் நாள் செந்தில் கூப்பிட்டான்.

"அக்கா, உயரமான வீடுன்னு எழுதியிருக்காம். ஆபீஸ் பதிவுல சுங்கச்சாவடி. ரெண்டும் ஒண்ணுதான்னு எப்படி ஒத்துக்கறதுங்கறாங்க."

"ஒரே வீடுதான்டா! சொல்ல வேண்டியதுதானே."

"சொல்லாமயா இருப்பேன்? வக்கீலும் சொன்னார். பத்திரத்துல இருக்கறதைத்தான் பாப்பாங்களாம். வேற வாங்கி அனுப்பு."

வேறு வாங்கினேன். மறுபடி விடுப்பு, மறுபடி ரயில், மறுபடி வரிசை. இரண்டாவது பத்திரம் போய்ச் சேர்ந்தபோது நாள் கடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் ஜேசிபி.

"அது சரியா இருந்திருந்தாலும் இடிச்சிருப்பாங்கக்கா, ரோடு நிக்குமா?" என்று செந்தில் பல தடவை சொல்லிவிட்டான். ரவியும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் இடிப்பதற்கு முன்னால், விசாரணையில் ஓர் அதிகாரி எதிரே அப்பா உட்கார்ந்து, தகரப் பெட்டியிலிருந்து அந்த உத்தரவை எடுத்துக் காட்டி, 'நான் ஏலத்துல எடுத்தேங்கய்யா' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருப்பார். அது என்னால் நடக்காமல் போயிற்று. அப்பா இதுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

5

செப்டம்பரில் விடுப்புக் கிடைக்கவில்லை. டிசம்பரில் மூன்று வாரம் கிடைத்தது. கயலை அழைத்துக்கொண்டு போனேன்.

சம்பா கதிர் தள்ளியிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. பேருந்தில் வந்தபோது நிறுத்தத்தின் பெயரை நடத்துநர் சொன்ன பிறகும் எனக்கு இறங்கத் தோன்றவில்லை, இடம் அடையாளம் தெரியவில்லை. சாலை அவ்வளவு அகலமாகிவிட்டிருந்தது. எங்கள் வீடு, கழுத்தை வெட்டிய மாதிரி, சமதளமாக நின்றது. உள்ளறையின் சுவர் இப்போது வெளிச்சுவர். அதில் அம்மா கண்ணாடி மாட்டியிருந்த ஆணி அப்படியே இருந்தது. ஆணியைச் சுற்றி அவள் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பும் மெரூனுமாகப் பத்துப் பதினைந்து. தினமும் குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டுவாள், குளித்து வந்து புதிது வைப்பாள். பேருந்தில் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி அவை இருந்தன. நான் கயலிடம் காட்டவில்லை.

அந்தச் சுவரில் இருந்த உள்வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள், லாரிக்கு நேரே திறப்பதால். வீட்டுக்குள் போக வேண்டுமானால் வாய்க்கால் கரையில் இறங்கிச் சுற்றி, சமையலறைப் பின்கதவு வழியாகப் போக வேண்டும். எழுபத்துநான்கு வயதில் அப்பா மழைச் சேற்றில் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

"செந்தில் வீட்டுக்குப் போயிடுங்கப்பா. இல்லன்னா என்கூட வாங்க. விசாவுக்கு நான் பாத்துக்கறேன்."

"அங்க வந்து என்னம்மா பண்ணுவேன்?"

"சும்மா இருங்க."

"சும்மா இருக்கறதை இங்கயே இருக்கேனே."

ஒரு நாள் அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது சரியான பத்திரம் கையில் இருந்ததால், ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரைத் திருத்தக் கேட்டு மனு. மேசைக்கு எதிரே இருந்த அதிகாரி என்னைவிடச் சின்னப் பெண். எழுந்து அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னாள். உத்தரவைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தாள்.

"ஒரிஜினல்தாங்க. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா இதைக் குடுத்த ஆபீஸே இப்ப இல்லைங்க மேடம். அவங்க ஃபைல் யார்கிட்ட போச்சுன்னு தெரியல. நான் இங்க வந்து எட்டு மாசம்தான் ஆகுது. எழுதி மேல அனுப்பறேன்."

"எவ்வளவு நாள் ஆகும்மா?" என்றார் அப்பா.

அவள் உத்தரவை மடித்து அப்பாவிடம் நீட்டி, "டீ சாப்பிடறீங்களாங்கய்யா?" என்றாள்.

கத்துவதற்கு நான் அயர்லாந்திலிருந்து தயாராகப் போயிருந்தேன். விமானத்திலேயே வாக்கியங்கள் அமைத்து வைத்திருந்தேன். கத்த ஆளே கிடைக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் கயல் பெரும்பாலும் கட்டிலில் கைபேசியோடு இருந்தாள். கழிப்பறை பின்னால், கொசு, லாரிச் சத்தம். நான் திட்டவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். தாத்தாவுக்கு ஏன் கோபமே வரவில்லை?

"என்ன கேக்குது புள்ள?" என்றார் அப்பா. சொன்னேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஜேசிபி ஓட்டுன தம்பி எங்கிட்ட வந்து, தாத்தா மன்னிச்சிக்குங்கன்னுதான் ஆரம்பிச்சான். அவனுக்கு உத்தரவு. அவனுக்குச் சொன்னவருக்கும் உத்தரவு. நானும் முப்பது வருசம் உத்தரவுக்குத்தான் ஷட்டரை எறக்கினேன். பயிர் காயுதுன்னு மதகுல வந்து எத்தனை பேர் நின்னாங்க. பொம்பளைங்க அழுதாங்க. எறக்கிட்டு சைக்கிள எடுத்துகிட்டு வீட்டுக்கு வந்துருவேன். சொல்லு, புள்ளகிட்ட."

நான் சொன்னேன். ஷட்டருக்கும் மதகுக்கும் அவளுக்குப் புரியும்படி வார்த்தை தேடி, தண்ணீரை நிறுத்தும் கதவு என்று சொல்லி, எங்கோ வழுக்கி, முழுசாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. கயல் அவர் தட்டைப் பார்த்தாள். பிறகு தமிழில், "தாத்தா, மோர் வேணுமா?" என்றாள். அவள் தானாக அவரிடம் பேசியது அந்தப் பயணத்தில் அவ்வளவுதான்.

6

நேற்று முன்தினம் செந்தில் ஓர் உத்தரவின் படத்தை அனுப்பியிருந்தான். அந்தச் சின்னப் பெண் எழுதி மேலே அனுப்பியதற்குப் பதில். அவள் மாற்றலாகிப் போய்விட்டாளாம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். மேற்படி இடத்தில் எஞ்சியுள்ள கட்டடத்தைப் பொறுத்து, 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பதம் நீக்கப்பட்டு, 'அனுபவதாரர்' எனத் திருத்தம் செய்யப்படுகிறது. மறு உத்தரவு வரும் வரை அனுபவதாரர் மேற்படி கட்டடத்தில் தொடர்ந்து இருக்க ஆட்சேபணை இல்லை.

அனுபவதாரர் என்றால் அனுபவித்துக்கொண்டு இருப்பவர். சொந்தக்காரர் இல்லை, திருடனும் இல்லை. மறு உத்தரவு நாளைக்கும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். வக்கீல், மேற்கொண்டு போனால் இருப்பதும் போனாலும் போகும், பேசாமல் இருங்கள் என்கிறாராம்.

இன்றைக்குச் சனிக்கிழமை. ரவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கயல் நீச்சலுக்குப் போயிருந்தாள். அப்பாவே கூப்பிட்டார். செந்திலும் பக்கத்தில் இருந்தான்.

"ஏம்மா, பேப்பரைப் படிச்சியா?"

"படிச்சேன்ப்பா."

"இவன் என்னென்னமோ சொல்றான். வக்கீலு ஒண்ணு சொல்றார். நீ படிச்ச புள்ள, நாலு தேசம் பாத்தவ. இது நமக்கு நல்லதா, கெட்டதா? அதை மட்டும் சொல்லு."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். மனு கொடுத்தபோதெல்லாம் மேசைக்கு முன்னால் இப்படித்தான் காத்திருந்திருப்பார்.

"அந்த வார்த்தையை எடுத்துட்டாங்கல்லப்பா" என்றேன்.

"எடுத்துட்டாங்க. அடிச்சுட்டுப் போட்டிருக்காங்க. பாத்தேன்."

"அப்ப நல்லதுதாம்ப்பா."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"சரி. அப்ப முன்னாடி வாசல் எடுத்துக் கட்டிரலாம். பின்பக்கமாவே எவ்வளவு நாளைக்கு மனுசன் போய் வர்றது. படி வச்சு, மேல ஒரு சன்ஷேடு போட்டா போதும். கொத்தனார் மாரிமுத்து இப்ப டீக்கடையிலதான் இருப்பான்."

வேண்டாம்ப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைபேசியைச் செந்தில் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாய்க்கால் கரையில் அவர் செருப்புச் சத்தம் வேகமாகப் போவது கேட்டது.

"என்னக்கா நீ?" என்றான் செந்தில், அடங்கிய குரலில். "மறு உத்தரவு வரும் வரைன்னு போட்டிருக்கு. நீயும் படிச்சுட்டு இப்படிச் சொல்றியே. கையில இருக்கறதை எல்லாம் போட்டுக் கட்டுவார். அப்புறம் வந்து இடிச்சா?"

தூரத்தில் அப்பா, சாலையின் இரைச்சலுக்கு மேலே, "மாரிமுத்து, டேய் மாரிமுத்து" என்று கூப்பிடுவது கேட்டது. அவர் குரல் அவ்வளவு உரக்க எழுந்து நான் கேட்டு ஒரு வருடம் ஆகிறது.

"கட்டட்டும் விடுடா" என்றேன்.